விளக்கைச் சற்றுத் தணித்து வையுங்கள்!

பேய் உண்டா, இல்லையா என்ற விவாதத்தில் நாம் இப்போது இறங்கப் போவதில்லை. அது தொடங்கினால் பொழுது விடிந்துவிடும். பொழுது விடிந்த பிறகு பேய்க்கு அங்கே வேலை இல்லை. நாம் சொல்ல வந்த விஷயம் வேறு. பேய்க் கதை என்று ஒன்று உண்டு. அதில் யாருக்கும் சந்தேகம் இருக்க முடியாது. அந்தக் கதையைத் தனியாகப் படிப்பது ஒரு விதம். நாலு பேர் கூடி உட்கார்ந்து, ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்பது இன்னொரு விதம். இரண்டாவது விதமே மேலானது என்பதும், வாரத்தில் ஓர் இரவு அதை நம் வீடுகளில் தொடங்கிப் பார்க்கலாம் என்பதும் நமது அபிப்பிராயம்.

"படிப்பதற்கு வேறு நல்ல புத்தகமே அகப்படவில்லையா?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பது நம் காதில் விழாமல் இல்லை. நியாயமான கேள்விதான். ஆனால் இன்றைக்கு மாலை வேளையில் ஒரு வீட்டில் நாலு பேர் இருந்தால், நாலு பேர் கையிலும் நாலு கைப்பேசிகள் இருக்கின்றன. ஒருவர் எதைப் பார்த்துச் சிரிக்கிறார் என்பது மற்றவருக்குத் தெரிவதில்லை. சிரிப்பைத் தனியாகச் சிரித்துவிடலாம். அழுகையைக்கூடத் தலையணையில் முகம் புதைத்து முடித்துக்கொள்ளலாம். பயம் அப்படி அல்ல. பயந்தவன் செய்யும் முதற் காரியம், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பதுதான். ஆளுக்கொரு மூலையில் கிடக்கும் குடும்பத்தை ஒரே ஜமக்காளத்தில் கூட்டி வைப்பதற்குப் பேயைக் காட்டிலும் கெட்டிக்காரத் தரகர் யாரும் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

இந்த வழக்கத்துக்குப் பெரிய பரம்பரை உண்டு. 1815-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், இன்று இந்தோனேஷியா என்று வழங்கும் தேசத்திலே, ஸும்பாவா என்ற தீவில் தம்போரா என்னும் எரிமலை வெடித்தது. அதன் புகையும் தூசியும் வானத்தில் பரவிச் சூரிய ஒளியை மறைத்தன. மறு வருஷம் ஐரோப்பாவில் வேனிற் காலமே வரவில்லை. பயிர்கள் அழிந்தன, ஜனங்கள் ரொட்டிக்குத் தவித்தார்கள். அந்த 1816-ம் வருஷம் ஜூன் மாதத்தில், ஸ்விட்ஜர்லாந்து தேசத்து ஜினீவா ஏரிக்கரையில், தியோதாத்தி மாளிகை என்ற வீட்டில் ஐந்து பேர் மழைக்கு ஒதுங்கிக் கிடந்தார்கள். ஒருவர் பைரன் பிரபு. இன்னொருவர் கவி ஷெல்லி. மூன்றாமவர் ஷெல்லியின் காதலியும் பின்னால் மனைவியுமான மேரி, வயது பதினெட்டு. அவளோடு அவள் மாற்றாந்தாய் மகளான கிளேர். ஐந்தாமவர் பைரனுடைய வைத்தியர் பாலிடோரி. இருபது வயதுப் பிள்ளை.

வெளியே இடியும் மழையும். உள்ளே கணப்பு எரிந்துகொண்டிருந்தது. ஜெர்மன் மொழியிலிருந்து பிரெஞ்சில் பெயர்த்த பேய்க் கதைத் தொகுதி ஒன்று அகப்பட்டது. அதைப் படித்துக் கேட்டார்கள். படித்து முடித்ததும், நம்மில் ஒவ்வொருவரும் ஒரு பேய்க் கதை எழுதுவோம் என்றார் பைரன். ஓர் இரவு பைரன் வேறொரு கவியின் பேய்ப்பாட்டிலிருந்து சில அடிகளைச் சொல்ல, ஷெல்லி வீரிட்டுக்கொண்டு மெழுகுவர்த்தியுடன் அறையை விட்டே ஓடிவிட்டார் என்றும், முகத்தில் தண்ணீர் தெளித்து அவரைத் தெளிவித்தார்கள் என்றும் பாலிடோரியின் நாட்குறிப்பிலிருந்து அறிகிறோம். உலகத்துக்குப் பயப்படாத கவி, நாலு அடிக்குப் பயந்தார்!

போட்டி என்ன ஆயிற்று? மகாகவிகள் இருவரும் தொடங்கிப் பாதியில் கைவிட்டார்கள். பைரன் விட்டுப்போன துணுக்கை எடுத்து வளர்த்து, பாலிடோரி இரத்தம் குடிக்கும் பிரபு ஒருவனைப் பற்றிக் கதை எழுதினார். 1819-ல் அது பைரன் பெயரிலேயே வெளியாயிற்று. பிரசுரகர்த்தர்களின் சாமர்த்தியம் எந்தக் காலத்திலும் குறைவில்லை. பின்னால் 1897-ல் ஸ்டோக்கர் எழுதிய டிராகுலாவுக்கு அந்தப் பிரபு பாட்டன் முறை ஆகவேண்டும். மேரியோ ஒவ்வொரு நாள் காலையிலும் "கதை தோன்றிற்றா?" என்று மற்றவர்கள் கேட்க, இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துப் போனாள். கடைசியில் ஓர் இரவு, உயிரற்ற உடலுக்கு உயிரூட்ட முடியுமா என்று மற்றவர்கள் பேசியதைக் கேட்டுவிட்டுப் படுத்தவளுக்கு உறக்கம் வரவில்லை. 1818-ம் வருஷம் ஜனவரியில் 'பிராங்கன்ஸ்டைன்' என்று உலகம் அறிந்த நாவல், அந்த உறங்காத இரவில் பிறந்தது.

இதைப் பலரும் அறிவார்கள். பலர் அறியாதது, அதற்கு ஒரு வருஷம் முந்திய சங்கதி. 1815-ம் வருஷம் பிப்ரவரியில் மேரிக்கு ஒரு பெண் குழந்தை குறை மாதத்தில் பிறந்து, சில நாட்களில் இறந்துபோயிற்று. மார்ச்சு மாதத்தில் அவள் தன் நாட்குறிப்பில் ஒரு கனவை எழுதி வைத்தாள். குழந்தை சாகவில்லை, குளிரில்தான் விறைத்திருந்தது. கணப்பின் அருகே வைத்துத் தேய்த்ததும் பிழைத்துக்கொண்டது என்று கனவு. விழித்துப் பார்த்தால் குழந்தை இல்லை. செத்த உடலுக்கு உயிர் கொடுக்கும் விஞ்ஞானியின் கதையை எழுதியவள் இந்தத் தாய்தான். பேய்க் கதையைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று தள்ளிவிடுகிறவர்கள் இந்த நாட்குறிப்பைப் பற்றிச் சற்று யோசிக்கவேண்டும். வீட்டிலே பகலில் யாரும் வாய் திறந்து பேசாத துக்கங்கள் சில உண்டு. இறந்த பிள்ளையின் பெயரை வருஷக்கணக்காகச் சொல்லாத வீடுகள் உண்டு. அப்படிப்பட்ட விஷயத்தை நேரே பேச முடியாது; கதை என்ற போர்வையில்தான் தொட முடியும்.

தியோதாத்தி மாளிகையில் நடந்தது மழையால் வந்த தற்செயல். பேய்க் கதை வாசிப்பை ஒரு நியமமாகவே நடத்தியவர் எம். ஆர். ஜேம்ஸ் என்ற ஆங்கிலப் பண்டிதர். 1862-ல் பிறந்தவர், கேம்பிரிட்ஜ் ஸர்வகலாசாலையில் கிங்ஸ் கல்லூரிக்குத் தலைவராக இருந்தவர், பழைய ஏட்டுச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரிப்பதில் அவருக்கு நிகர் அவர்தான். நம்முடைய தேசத்தில் இத்தகைய பண்டிதர் ஒருவர் பேய்க் கதை எழுதினால் மற்றப் பண்டிதர்கள் என்ன சொல்லுவார்கள் என்று நினைத்துப் பார்க்கவே பயமாயிருக்கிறது! 1893-ம் வருஷம் அக்டோபர் 28-ந் தேதி, கல்லூரி நண்பர்கள் கூடும் சிறு சங்கம் ஒன்றில் அவர் தாம் எழுதிய இரண்டு கதைகளைப் படித்தார். கேட்டவர்கள் விடவில்லை. அதிலிருந்து கிறிஸ்துமஸ் காலத்தில் நண்பர்கள் அவருடைய அறையில் கூடுவதும், அவர் புதுக் கதை ஒன்று படிப்பதும் வழக்கமாயிற்று. பல தடவை கடைசி நிமிஷம் வரையில் எழுதிக்கொண்டிருப்பாராம். நண்பர்கள் காத்திருப்பார்கள். அவர் உள்ளறையிலிருந்து கையெழுத்துப் பிரதியுடன் வருவார். ஒன்றைத் தவிர மற்ற மெழுகுவர்த்திகளை ஊதி அணைப்பார். அந்த ஒன்றின் அருகே உட்கார்ந்து தமது தெளிவான குரலில் படிக்கத் தொடங்குவார்.

இப்படிக் கேட்டவர்களில் ஜேம்ஸ் மக்பிரைட் என்ற இளைஞர் ஒருவர். சித்திரம் வரைவார். கதைகளுக்குப் படம் போட முன்வந்தார். நாலு படங்கள் முடிவதற்குள், 1904-ம் வருஷம், ஒரு சஸ்திர சிகிச்சைக்குப் பின் இறந்துபோனார். மிச்சப் படங்களை வேறொருவரைக் கொண்டு போடச் சொன்னார்கள். ஜேம்ஸ் சம்மதிக்கவில்லை. அந்த நாலு படங்களோடு மட்டுமே அவருடைய முதல் பேய்க் கதைத் தொகுதி அவ்வருஷக் கடைசியில் வெளிவந்தது. நண்பர்களுக்காக எழுதிய கதை, நண்பனுக்கு ஞாபகச் சின்னமாகவும் ஆயிற்று.

ஜேம்ஸின் கதைகள் உரக்கப் படிப்பதற்கென்றே பிறந்தவை. அதன் இரகசியம் என்னவென்றால், அவர் அவசரப்படமாட்டார். கதாநாயகர் ஒரு சாதாரண மனிதர். சுவடி பார்க்கப் போயிருப்பார், அல்லது விடுமுறைக்குக் கடற்கரை போயிருப்பார். சாப்பாடு எப்படி, ஓட்டல் அறை எப்படி என்றெல்லாம் நிதானமாகக் கதை நடக்கும். எங்கேயோ ஒரு சின்ன விஷயம் மட்டும் சரியாக இராது. 'விசில் அடித்தால் நான் வருவேன், தம்பி' என்ற பொருளில் தலைப்பிட்ட கதையில், ஒரு பேராசிரியர் கடற்கரையோரத்துப் பாழ் மடத்தில் பழைய விசில் ஒன்றைக் கண்டெடுக்கிறார். பேய் பிசாசு எல்லாம் பொய் என்பவர் அவர். விசிலை ஊதிப் பார்க்கிறார். அவருடைய ஓட்டல் அறையில் கட்டில்கள் இரண்டு, ஆள் ஒருவர். இதற்குமேல் நாம் சொல்லமாட்டோம்.

ஆனால் முதல் இரவுக்கு ஜேம்ஸ் வேண்டாம் என்பது நமது யோசனை. அவர் கதை ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிடிக்கும். பழக்கமில்லாத செவிகள் நடுவில் தளர்ந்துவிடும். முதல் இரவுக்கு டபிள்யூ. டபிள்யூ. ஜேகப்ஸ் 1902-ல் வெளியிட்ட 'குரங்கின் பாதம்' என்ற கதையே தகுந்தது. அரை மணிக்குள் முடிந்துவிடும். ஜேகப்ஸ் லண்டன் துறைமுகப் பக்கத்தில் வளர்ந்தவர். தபால் ஆபீஸ் சேவிங்ஸ் பாங்கியில் குமாஸ்தாவாக இருந்தவர். மாலுமிகளைப் பற்றி ஹாஸ்யக் கதை எழுதிப் பேர் வாங்கியவர். ஹாஸ்யம் எழுதத் தெரிந்தவனுக்குத்தான் பயமுறுத்தவும் தெரியும் போலும்! ஓர் ஏழைக் குடும்பம்: தகப்பன், தாய், ஒரே மகன். இந்தியாவிலிருந்து திரும்பிய பழைய பட்டாளத்துக்காரர் ஒருவர் உலர்ந்த குரங்கின் பாதம் ஒன்றைக் கொண்டுவருகிறார். மூன்று பேருக்கு மூன்று மூன்று வரம் தரும் என்கிறார். வீட்டுக் கடன் தீர இருநூறு பவுன் வேண்டும் என்று தகப்பன் கேட்கிறார். மறுநாளே இருநூறு பவுன் வருகிறது. என்ன விலைக்கு வருகிறது என்பதுதான் கதை. கதையின் உச்சத்தில் நாம் எதையும் காண்பதில்லை. கதவைத் தட்டும் சத்தம் மட்டும் கேட்கிறது. படிப்பவர் அந்த இடத்தில் சற்று நிறுத்தவேண்டும். அந்த நிமிஷம் பார்த்துச் சாமான் கொண்டு வந்த பையன் வாசல் மணியை அடித்துவிட்டால், அது அவரவர் அதிர்ஷ்டம்.

கதை முடிந்ததும் விளக்கை உடனே போட்டுவிடாதீர்கள். கடைசி வரத்தைக் கேட்டது சரியா, தப்பா என்று ஒரு கேள்வியை மட்டும் போடுங்கள். தாய்மார் ஒரு கட்சியும் தகப்பன்மார் ஒரு கட்சியுமாகப் பிரிவதற்கு அதிக நேரம் ஆகாது.

இந்தக் கதையில் நமக்கு வேறொரு விசாரமும் உண்டு. அந்தப் பாதத்துக்கு மந்திரம் போட்டவர் நம் தேசத்துப் பக்கிரி ஒருவர். ஆங்கிலேயர் எழுதிய பேய்க் கதைகளில் இந்தியாவிலிருந்து பெட்டியிலே பேய் போவது சர்வ சாதாரணம். 1899-ல் கோனன் டாயில் எழுதிய 'பழுப்புக் கை'யில், பம்பாயில் தொழில் செய்து திரும்பிய ஸர்ஜன், எல்லைப்புற மலைவாசி ஒருவனுடைய வெட்டிய கையைத் தம் சேகரத்தில் வைத்திருக்கிறார். கை தீயில் அழிந்துபோகிறது. செத்த மலைவாசி இரவுதோறும் வந்து தன் கையைத் தேடுகிறான். கிப்ளிங் 1885-ல் எழுதிய 'பேய் ரிக்ஷா' சிம்லாவில் நடக்கிறது. காதலன் கைவிட்டதால் மாண்டுபோன ஆங்கில மாது ரிக்ஷாவில் ஏறிக்கொண்டு மால் சாலையில் எதிரே வருகிறாள். அந்த வண்டியை இழுத்த நாலு கூலிகளும் வாந்திபேதியில் செத்துப் போனவர்கள். நாலு பேரும் சகோதரர்கள். கதாநாயகனுக்குத் தன் துரோகம்தான் கண்ணுக்குத் தெரிகிறது. செத்த பிறகும் துரைசானியை ஏற்றிக்கொண்டு மலைச் சாலையில் ஓட வேண்டியிருக்கிறதே என்று அந்த நாலு பேருக்காக இரங்குவார் கதையில் எவருமில்லை. ஆண்டவர்களுக்கு உள்ளூர இருந்த பயத்தை அவர்களுடைய சரித்திர நூல்களில் தேடினால் அகப்படாது. பேய்க் கதைகளில் தாராளமாகக் கிடக்கிறது. கெட்ட எண்ணத்தோடு எழுதினார்கள் என்று நாம் சொல்லவில்லை. கிப்ளிங்கின் கதை நல்ல கதை. கூட்டாகப் படித்தால் இந்தக் கேள்வியை யாராவது ஒருவர் கிளப்புவார்; தனியாகப் படித்தால் பயத்தோடு போய்விடும்.

இரண்டாம் வாரத்துக்கு டிக்கன்ஸின் 'சிக்னல்காரன்'. 1866-ம் வருஷத்துக் கிறிஸ்துமஸ் மலரில் வந்தது. அதற்கு முந்திய வருஷம் ஜூன் 9-ந் தேதி, ஸ்டேபிள்ஹர்ஸ்ட் என்னும் இடத்தில் டிக்கன்ஸ் ஏறி வந்த ரயில் பாலத்தில் கவிழ்ந்து பத்துப் பேர் இறந்தார்கள். டிக்கன்ஸ் அடிபட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். சிலர் அவர் கண்ணெதிரே உயிர் விட்டார்கள். அதற்குப் பிறகு ரயிலில் ஏறும்போதெல்லாம் அவர் உடல் நடுங்கும். சரியாக ஐந்து வருஷம் கழித்து, அதே ஜூன் 9-ந் தேதி, காலமானார். இந்த விவரத்தைக் கதைக்கு முன்னால் சொல்லாமல் பின்னால் சொல்லுங்கள்.

மூன்றாவது, எட்கார் ஆலன் போ 1843-ல் எழுதிய 'காட்டிக்கொடுக்கும் இருதயம்'. கால் மணிக் கதை. ஆனால் படிப்பவருக்கு மூச்சு வேண்டும். சிறுகதை என்றால் ஒரே இருப்பில் படித்து முடிப்பதாக இருக்கவேண்டும் என்று சட்டம் வகுத்தவரே போதான். அடுத்தது ஷார்லட் பெர்க்கின்ஸ் கில்மன் என்ற அமெரிக்க மாது 1892-ல் வெளியிட்ட 'மஞ்சள் சுவர்க் காகிதம்'. பிள்ளை பெற்ற பிறகு மனம் தளர்ந்த ஒருத்தியை, அவள் நன்மைக்கென்றே, வைத்தியரான கணவன் ஓர் அறையில் அடைத்து வைக்கிறான், எழுதக்கூடாது, படிக்கக்கூடாது. கில்மன் தாமே அத்தகைய சிகிச்சைக்கு ஆளாகி, அதிலிருந்து தப்பியவர். இதை வீட்டுப் பெண்மணி ஒருவர் படிக்க, ஆண்கள் வாய் மூடிக் கேட்பது உத்தமம். இந்தக் கதையில் பேய் உண்டா என்பது பற்றி நூறு வருஷத்துக்கு மேலாக விவாதம் நடக்கிறது. அறையைப் பூட்டியது பேய் அல்ல என்பது மட்டும் நிச்சயம்.

குழந்தைகள் இருக்கலாமா? பத்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைத் தூங்கப் பண்ணிவிட்டே தொடங்கவேண்டும். அதற்கு மேற்பட்டவர்களை விரட்டினால் கதவிடுக்கில் நின்று கேட்பார்கள். பாதிக் கதை கேட்ட பயம் முழுக் கதை கேட்ட பயத்தைவிட மோசம். 1927-ல் ஜேம்ஸ் சாரணச் சிறுவர்களின் கடற்கரை முகாமுக்குப் போய், அவர்களுக்கென்றே எழுதிய கதை ஒன்றைத் தீயைச் சுற்றி உட்கார வைத்துப் படித்தார். கதையில் சாகிறவனும் ஒரு சாரணச் சிறுவனே. அன்று இரவு சிலருக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை என்று கேள்வி. அந்த அளவுக்கு நாம் போகவேண்டியதில்லை. பிள்ளை பயந்துவிட்டால் அதைப் பரிகாசம் செய்யக்கூடாது என்பதை மட்டும் கண்டிப்பான விதியாக வைத்துக்கொள்ளுங்கள். ஷெல்லியே ஓடினார்.

மற்ற விதிகள் அதிகமில்லை. மேலே சொன்ன ஆசிரியர்கள் எல்லாரும் காலமாகி வெகு காலம் ஆகிவிட்டபடியால், கதைகளுக்கு உரிமைத் தொகை கிடையாது. இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. இங்கிலீஷில் படித்தால் பாட்டிக்கு விளங்காது. ஆகவே வாரம் ஒருவர் முறை போட்டுக்கொண்டு, முன்கூட்டியே இரண்டு தடவை படித்துப் பார்த்து, தமிழில் வாய்மொழியாகச் சொல்லலாம். நன்றாக எழுதக்கூடியவர்கள் எழுதியே கொண்டுவரலாம். நடுவில் யாரும் கேள்வி கேட்கக்கூடாது. விக்கிரமாதித்தன் வாயைத் திறந்த ஒவ்வொரு தடவையும் வேதாளம் முருங்கை மரம் ஏறிக்கொண்டது நமக்குத் தெரியாததல்லவே! மற்ற நாடுகளில் பேயைப் பற்றி மனிதன் கதை சொன்னான். நம் நாட்டில் பேயே மனிதன் தோளில் உட்கார்ந்து கதை சொல்லிற்று. கேட்பதில் நமக்கு அநுபவம் உண்டு.

ஐந்தாவது வாரம் ஜேம்ஸின் விசில். ஆறாவது வாரத்துக்கு ரவீந்திரநாத் தாகூர் 1895-ல் எழுதிய 'பசித்த கற்கள்'. பதினேழு வயதில் ஆமதாபாத்தில், நீதிபதியாயிருந்த தம் தமையனாருடன் பழைய மொகலாய மாளிகை ஒன்றில் தங்கியிருந்தார் தாகூர். பகலெல்லாம் அந்தப் பெரிய வீட்டில் தனியே உலாவிய நினைவிலிருந்து பிறந்த கதை அது.

ஏழாவது வாரம், புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'. 1943-ல் நூலாக வந்த தொகுதிக்குப் பெயர் தந்த கதை. அன்று மொழிபெயர்ப்பு வேலை யாருக்கும் இல்லை. புத்தகத்தைப் பிரித்து அப்படியே படிக்க வேண்டியதுதான். நடு இரவில் எங்கிருந்தோ வரும் ஒரு வாசனையிலே கதை தொடங்குகிறது. ஆகையால் அன்றைக்கு மட்டும் ஊதுவத்தி கொளுத்த வேண்டாம்.